ஜான் கிப்பன்: ஓர் இரத்தக்கட்டியில் தொடங்கிய இதய இயந்திரம்

இதயத்தை நிறுத்திவைத்து, அதனைத் திறந்து, உள்ளே இருக்கும் பழுதைச் சரிசெய்வது இன்று உலகின் பல நகரங்களில் அன்றாடம் நடைபெறும் சிகிச்சை. அந்நேரத்தில் நோயாளியின் இதயமும் நுரையீரலும் செய்யவேண்டிய வேலையை ஓர் இயந்திரம் ஏற்றுக்கொள்கிறது. அந்த இயந்திரத்தை உருவாக்கியவராக மருத்துவ உலகம் குறிப்பிடுவது ஜான் ஹேஷம் கிப்பன் என்ற அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணரை.

1973ஆம் ஆண்டு மறைந்த கிப்பனின் வாழ்க்கை பெரும்பாலும் இதயத்தின் கதையாகவே சொல்லப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அதில் இதயத்துக்கு இணையான பங்கு இரத்தத்துக்கும் உண்டு. உறையக்கூடாத இடத்தில் உறைந்த இரத்தமே அவரை இந்த முயற்சியில் இறக்கியது. உறையாமல் வைத்திருக்க வேண்டிய இரத்தம் உறையத் தொடங்கியதால், அவரது மிகப்பெரிய வெற்றி கைநழுவிப் போகவிருந்தது. இதய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு நோயாளியின் இரத்தம் எந்த அளவுக்கு உறைகிறது, எந்த அளவுக்கு உறைய மறுக்கிறது என்பதை அளந்தறிய மருத்துவர்கள் பின்னாளில் மேற்கொண்ட நீண்ட முயற்சிக்கும் அவரது இயந்திரமே காரணமாயிற்று.

பாஸ்டனில் ஓர் இரவு

கிப்பன் 1903ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் தேதி ஃபிலடெல்ஃபியா நகரில் பிறந்தார். தலைமுறை தலைமுறையாக மருத்துவர்களைக் கொண்ட குடும்பம் அது. அவரது தந்தை அந்நகரின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரியில் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியராக இருந்தவர். மகனுக்கோ இலக்கியத்தில் நாட்டம் அதிகம். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பின்னரும், படிப்பை விட்டுவிட்டு எழுத்தாளராகலாமா என்று அவர் எண்ணியதுண்டு. மருத்துவப் பட்டம் பெறுவதால் எழுத்து ஒன்றும் கெட்டுவிடாது என்ற பொருள்பட தந்தை கூறிய அறிவுரையை ஏற்று, 1927ஆம் ஆண்டு ஜெஃபர்சனில் படிப்பை முடித்தார்.

மருத்துவமனைப் பயிற்சிக்குப் பிறகு ஆய்வுக்காக அவர் பாஸ்டன் சென்றார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் எட்வர்ட் சர்ச்சில் என்ற நிபுணரின் கீழ் 1930-31 காலத்தில் அவர் பணியாற்றியபோதுதான், அவரது எஞ்சிய வாழ்நாளைத் தீர்மானித்த நிகழ்ச்சி நடந்தது.

பித்தப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு தேறிவந்த ஒரு பெண்மணிக்குத் திடீரென மார்பு வலியும் மூச்சுத் திணறலும் ஏற்பட்டன. உடலின் சிரை ஒன்றில் உருவான இரத்தக்கட்டி இதயத்தின் வழியே பயணித்து, நுரையீரலுக்குச் செல்லும் தமனியில் சிக்கிக்கொண்டிருந்தது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இரத்தத்தின் உறையும் தன்மை கூடுவதும், படுக்கையில் அசையாமல் கிடப்பதும் சேர்ந்து இவ்வாறு கட்டிகளை உருவாக்கும் என்பது அன்றே ஓரளவு தெரிந்திருந்தது. தடுப்பதற்குத்தான் வழியில்லை.

தமனியைத் திறந்து கட்டியை எடுக்கும் முறையை ஜெர்மானிய நிபுணர் ஃபிரெடெரிக் டிரெண்டலென்பர்க் 1908ஆம் ஆண்டிலேயே விவரித்திருந்தார். அந்த முறையில் உயிர் பிழைத்த முதல் நோயாளியைக் காண 1924 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமெரிக்காவில் அதுவரை ஒருவரும் பிழைக்கவில்லை. எனவே நோயாளி சாவின் விளிம்புக்கு வந்த பின்னரே கத்தியை எடுப்பது என்று சர்ச்சில் முடிவு செய்தார். அந்தக் கணம் எப்போது வருகிறது என்று கவனித்துச் சொல்லும் பொறுப்பு இளைஞரான கிப்பனிடம் ஒப்படைக்கப்பட்டது.

இரவு முழுவதும் அவர் அப்பெண்மணியின் அருகில் அமர்ந்து நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் குறித்துக்கொண்டே இருந்தார். நோயாளியின் இரத்தம் கருத்துக்கொண்டும் சிரைகள் புடைத்துக்கொண்டும் வருவதைப் பார்த்தவாறு இருப்பதைத் தவிர அவரால் செய்யக்கூடியது எதுவும் இல்லை. காலையில் நிலைமை முற்றியதும் சர்ச்சில் ஆறரை நிமிடங்களில் மார்பைத் திறந்து கட்டியை எடுத்துவிட்டார். ஆயினும் நோயாளி உயிர் பிழைக்கவில்லை.

கருத்த இரத்தத்தைச் சிரையிலிருந்து வெளியே எடுத்து, அதிலுள்ள கரியமில வாயுவை நீக்கி, பிராணவாயுவைச் சேர்த்துத் தமனிக்குள் திருப்பிச் செலுத்த முடிந்திருந்தால், அந்தத் தடையைச் சுற்றிக்கொண்டு போக இரத்தத்துக்கு ஒரு வழி கிடைத்திருக்கும் என்ற எண்ணம் அந்த இரவில்தான் கிப்பனுக்குத் தோன்றியது. ஆக, இதயத்தின் உட்புறத்தைச் சீர்செய்வது அவரது தொடக்க நோக்கமாக இருக்கவில்லை. நுரையீரலில் சிக்கிய இரத்தக்கட்டியே அவரது இலக்காக இருந்தது.

தெருப்பூனைகளும் ஹெப்பரினும்

அனுபவமிக்கவர்கள் பலர் இந்த யோசனையை ஊக்குவிக்கவில்லை. 1931இல் கிப்பன் ஃபிலடெல்ஃபியா திரும்பினார். அதே ஆண்டில் அவர் மணந்துகொண்ட மேரி ஹாப்கின்சன், சர்ச்சிலின் ஆய்வகத்தில் பணியாற்றியவர். நெருங்கியவர்களால் மேலி என்று அழைக்கப்பட்ட அவர் பின்வந்த பல ஆண்டுகள் இந்த ஆய்வில் முழுப் பங்காளியாக இருந்தார். இயந்திரத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் அவரது பெயரை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது நியாயமாகாது.

1934ஆம் ஆண்டு தம்பதியர் ஓராண்டு ஆய்வுக்காக மீண்டும் பாஸ்டன் சென்றனர். கையில் இருந்த பணம் சொற்பம். மலிவு விலைக்கு வாங்கிய பழைய பம்பு ஒன்றும், கண்ணாடி, ரப்பர் குழாய்களும் கொண்டு அவர்கள் ஒரு கருவியை அமைத்தார்கள். சுழலும் உருளையின் உட்சுவரில் இரத்தம் மெல்லிய படலமாகப் பரவும்; அப்படலம் பிராணவாயுவை ஏற்றுக்கொள்ளும். சிறிய உடல் கொண்ட பிராணிக்குக் குறைந்த பிராணவாயு போதும் என்பதால் பூனைகளைத் தேர்ந்தெடுத்தனர். சோதனைக்குப் பூனைகள் போதாதபோது, மீனைக் காட்டித் தெருப்பூனைகளைச் சாக்கில் பிடித்துவரவும் கிப்பன் தயங்கவில்லை.

இங்கே ஒரு பெரும் தடை இருந்தது. இரத்தம் தன் குழாயை விட்டு வெளியேறி அந்நியப் பரப்பு எதைத் தொட்டாலும் உறையத் தொடங்கிவிடும். காயம்பட்டவர் இரத்தம் வடிந்து இறக்காமல் காக்கும் அதே இயல்பு, இயந்திரத்தின் குழாய்களைச் சில நிமிடங்களில் அடைத்துவிடும்.

இதற்கான விடையை வேறொருவர் தற்செயலாகக் கண்டறிந்திருந்தார். பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் 1916ஆம் ஆண்டு ஜே மெக்லீன் என்ற மருத்துவ மாணவர், இரத்தத்தை உறையச் செய்யும் பொருட்களை ஆராயும்போது உறைதலைத் தடுக்கும் ஒரு பொருளை எதிர்கொண்டார். அவரது பேராசிரியர் வில்லியம் ஹோவெல் தொடர்ந்து நடத்திய ஆய்வில் கிடைத்த பொருளுக்கு 1918இல் ஹெப்பரின் என்று பெயரிட்டார். கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. 1930களில் டொரொன்டோவில், இன்சுலின் கண்டுபிடிப்பில் பங்கேற்ற சார்லஸ் பெஸ்ட்டின் குழுவினரும், சுவீடனில் எரிக் ஜார்பெஸ்ஸும் அதனைத் தூய்மைப்படுத்தி மனிதர்களுக்குப் பாதுகாப்பாகத் தரக்கூடிய மருந்தாக்கினர். ஹெப்பரின் இல்லாதிருந்தால் கிப்பனின் யோசனை காகிதத்தோடு நின்றிருக்கும்.

1935ஆம் ஆண்டு ஒரு பூனையின் நுரையீரல் தமனி முழுவதுமாக இறுக்கி மூடப்பட்டது. இயந்திரம் இரத்த ஓட்டத்தை ஏற்றுக்கொண்டது. பூனையின் இரத்த அழுத்தம் குறையவில்லை. கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் தழுவிக்கொண்டு ஆய்வகத்தில் ஆடினார்கள் என்று கிப்பன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். 1939இல், இயந்திரத்திலிருந்து விடுவிக்கப்பட்ட பூனைகள் சில தேறி எழுந்து வாழ்ந்ததை அவர் மார்பு அறுவைச் சிகிச்சை நிபுணர்களின் மாநாட்டில் அறிவித்தபோது, அங்கிருந்த மூத்த நிபுணர் ஒருவர் அதனை ஜூல்ஸ் வெர்னின் கற்பனைக் கதைகளோடு ஒப்பிட்டார்.

உலகப்போர் காலத்தில் கிப்பன் இராணுவ மருத்துவராகப் பணியாற்றியதால் ஆய்வு தடைபட்டது.

போருக்குப் பின்

1946ஆம் ஆண்டு அவர் ஜெஃபர்சனில் பேராசிரியராகப் பொறுப்பேற்றார். மாணவர் ஒருவரின் மூலமாக ஐபிஎம் நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சனின் அறிமுகம் கிடைத்தது. அந்நிறுவனம் பொறியாளர்களையும் பணத்தையும் கொடுத்து உதவியது. பூனைக்குப் போதுமான சுழலும் உருளையை மனிதருக்கு ஏற்பப் பெரிதாக்கினால் அது எந்த அறையிலும் அடங்காது. கம்பி வலைத் திரைகளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு அவற்றின் மீது இரத்தத்தை வழியவிட்டால், வலையில் பட்டு இரத்தம் கலங்கும்போது பன்மடங்கு பிராணவாயுவை ஏற்கிறது என்று அவரது ஆய்வுக்குழுவைச் சேர்ந்த இளம் மருத்துவர்கள் கண்டனர். அதுவே புதிய இயந்திரத்தின் அடிப்படையாயிற்று.

சோதனைகள் இப்போது நாய்கள் மீது நடத்தப்பட்டன. தொடக்கத்தில் அவற்றில் பெரும்பாலானவை இறந்தன. சிவப்பணுக்கள் சிதைவது, காற்றுக் குமிழ்கள், நுண்ணிய உறைகட்டிகள் போய் அடைத்துக்கொள்வது, பின்னர் நிற்காத இரத்தக்கசிவு என்று காரணங்கள் பலவாக இருந்தன. வடிகட்டி ஒன்று பொருத்தப்பட்டது, பம்பு மாற்றப்பட்டது, குழாய்களின் உட்பரப்பு மென்மையாக்கப்பட்டது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் மாதங்கள் பிடித்தன. இறப்பு விகிதம் படிப்படியாகக் குறைந்தது.

1952ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதல் முறையாக 15 மாதக் குழந்தை ஒன்றுக்கு இயந்திரம் பயன்படுத்தப்பட்டது. இதயத்தில் துவாரம் இருப்பதாகக் கருதித் திறந்தபோது அங்கே துவாரம் இல்லை. உண்மையான குறைபாடு இதயத்துக்கு வெளியே, இரத்தக்குழாயில் இருந்தது. குழந்தை இறந்துவிட்டது.

1953 மே 6

இதயத்தின் மேலறைகளுக்கு இடையே துவாரத்துடன் பிறந்த 18 வயது கல்லூரி மாணவி ஒருவர், இதயம் செயலிழக்கும் நிலையில் பலமுறை மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருந்தார். 1953ஆம் ஆண்டு மே 6ஆம் தேதி அவருக்கு அறுவைச் சிகிச்சை நடத்தப்பட்டது. அவர் 45 நிமிடங்கள் இயந்திரத்துடன் இணைக்கப்பட்டிருந்தார். அதில் 26 நிமிடங்கள் அவரது உடலின் முழு இரத்த ஓட்டமும் இயந்திரத்தின் பொறுப்பில் இருந்தது.

அந்த 26 நிமிடங்களில் நடந்தது பல வெற்றிக் கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. கொடுக்கப்பட்ட ஹெப்பரின் போதவில்லை. இயந்திரத்தின் திரைகளில் ஃபைப்ரின் இழைகள் படியத் தொடங்கின. உறைந்த இரத்தத்தை வலையாகப் பிணைத்துப் பிடிக்கும் புரதம்தான் ஃபைப்ரின். திரைகளில் அடைப்பு ஏற்பட்டு, பிராணவாயு ஏற்றும் திறன் குறையத் தொடங்கியது. தானியங்கிக் கட்டுப்பாட்டை நம்பமுடியாத நிலையில், கிப்பனின் உதவியாளர்கள் இயந்திரத்தைக் கைகளால் இயக்கினார்கள். மறுபுறம் கிப்பன் துவாரத்தைத் தைத்து முடித்தார். இதயம் மீண்டும் தன் வேலையை ஏற்றுக்கொண்டது. மாணவி தேறி வீடு திரும்பினார். அதன் பிறகு 40 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்தார்.

ஹெப்பரின் போதவில்லை என்பது திரைகளைக் கண்ணால் பார்த்த பின்னரே தெரியவந்தது என்பது இங்கு கவனிக்கத்தக்கது. நோயாளியின் உடல் எடையைக் கொண்டு மருந்தின் அளவைக் கணக்கிடுவதே அன்றைய நடைமுறை. இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து, அவ்வப்போது சாய்த்துப் பார்த்து, அது எப்போது கெட்டியாகிறது என்று கணக்கிடும் முறை 1913 முதலே இருந்தது. ஆனால் இரத்தம் தானாக உறையும்வரை காத்திருக்கும் அந்த முறையைக் கொண்டு, நிமிடத்துக்கு நிமிடம் மாறும் அறுவை அரங்கில் முடிவெடுப்பது கடினம்.

இந்த வெற்றியைக் கிப்பன் பெரிதாகப் பறைசாற்றவில்லை. மினசோட்டா மாநில மருத்துவ இதழ் ஒன்றில், 1954ஆம் ஆண்டு, அடக்கமான ஒரு கட்டுரையாக அதனை வெளியிட்டார். அதற்கு முன்பே அவரது மனம் வேறு திசையில் சென்றுவிட்டிருந்தது. 1953 ஜூலையில் அவர் இயந்திரத்தின் துணையுடன் அறுவைச் சிகிச்சை செய்த இரு சிறுமிகளும் இறந்தனர். நான்கு நோயாளிகளில் மூவரின் இறப்பு அவரை உலுக்கியது. ஓராண்டுக்கு இயந்திரத்தைப் பயன்படுத்துவதில்லை என்று அறிவித்தார். உண்மையில், அதற்குப் பிறகு அவர் ஒருபோதும் அதனைக் கொண்டு இதய அறுவைச் சிகிச்சை செய்யவில்லை.

இருபதாண்டு உழைப்பின் பலன் கைக்கு வந்த நேரத்தில் அவர் விலகிக்கொண்டதைச் சிலர் மனத்தளர்ச்சி என்று கருதுகின்றனர். ஆனால் இயந்திரத்தின் வரைபடங்களைக் கேட்டவர்களுக்கு அவர் தயக்கமின்றிக் கொடுத்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். மேயோ கிளினிக்கின் ஜான் கிர்க்லின் அந்த வரைபடங்களைக் கொண்டு திருத்தப்பட்ட இயந்திரத்தை உருவாக்கி, 1955ஆம் ஆண்டு மார்ச் மாதம் சிகிச்சைகளைத் தொடங்கினார். முதல் எட்டு நோயாளிகளில் நால்வர் பிழைத்தனர். அதே மாநிலத்தில் வால்டன் லில்லிஹெய், பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரின் உடலையே குழந்தைக்கு இதய-நுரையீரல் இயந்திரமாகப் பயன்படுத்தும் துணிச்சலான முறையில் 45 பேருக்குச் சிகிச்சை அளித்திருந்தார். பின்னர் அவரது குழுவைச் சேர்ந்த ரிச்சர்ட் டிவால் எளிமையான, மலிவான குமிழிக் கருவியை உருவாக்கினார். அதன் பிறகு இதயத்தைத் திறக்கும் சிகிச்சை உலகெங்கும் பரவியது.

அளவீட்டின் தேவை

இயந்திரம் பரவிய வேகத்தில் ஒரு சிக்கலும் பரவியது. சிகிச்சை வெற்றிகரமாக முடிந்த பின்னரும் நோயாளியின் மார்பிலிருந்து இரத்தம் வடிந்துகொண்டே இருக்கும். தையல் ஒன்று விட்டுப்போனதால் வடிகிறதா, அல்லது இரத்தமே உறையும் ஆற்றலை இழந்துவிட்டதா என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது. முதலாவது காரணமென்றால் மார்பை மீண்டும் திறக்கவேண்டும். இரண்டாவதென்றால் திறப்பது நிலைமையை மோசமாக்கக்கூடும்.

இயந்திரத்தின் வழியாகச் சென்றுவரும் இரத்தம் பழைய இரத்தமாகத் திரும்புவதில்லை. குழாய்களை நிரப்பப் பயன்படும் திரவத்தால் உறைவுக் காரணிகள் நீர்த்துப்போகின்றன. தட்டணுக்கள் அந்நியப் பரப்பில் ஒட்டியும் களைத்தும் செயலிழக்கின்றன. உறைவைக் கரைக்கும் அமைப்பு தூண்டப்படுகிறது. உடலைக் குளிர்விப்பதும் உறைதலைத் தாமதப்படுத்துகிறது. ஹெப்பரினை முறிக்கச் சால்மன் மீனின் விந்திலிருந்து எடுக்கப்படும் புரோட்டமின் கொடுக்கப்படுகிறது. அது குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. முறிக்கப்பட்ட ஹெப்பரினின் விளைவு சில மணி நேரத்தில் மீண்டும் தலைதூக்குவதும் உண்டு.

1966ஆம் ஆண்டு பால் ஹேட்டர்ஸ்லி என்ற அமெரிக்க மருத்துவர், குழாயில் நுண்ணிய மண்துகளைச் சேர்த்து உறைதலை விரைவுபடுத்தி அளக்கும் சோதனையை அறிமுகப்படுத்தினார். நோயாளியின் அருகிலேயே சில நிமிடங்களில் விடை கிடைத்தது. ஹெப்பரின் இல்லாத நிலையில் ஏறத்தாழ இரண்டு நிமிடங்களுக்குள் உறையும் இரத்தம், இயந்திரத்தில் ஓடும்போது 480 வினாடிகள் வரையிலாவது உறையாமல் இருக்கவேண்டும் என்பது பின்னாளில் பரவலான அளவுகோலாயிற்று. 1975ஆம் ஆண்டு பிரையன் புல் தலைமையிலான கலிஃபோர்னியக் குழுவினர், ஒரே அளவு ஹெப்பரினுக்கு நோயாளிகளின் இரத்தம் எவ்வளவு வேறுபட்டு நடந்துகொள்கிறது என்பதைக் காட்டினர். எடையை மட்டும் வைத்துக் கணக்கிடுவது போதாது என்பது அப்போதுதான் எண்களால் உறுதியாயிற்று. கிப்பனின் திரைகள் 22 ஆண்டுகளுக்கு முன்பே அதனைக் காட்டியிருந்தன.

மற்றொரு கருவி அதற்கும் முன்பே பிறந்திருந்தது. 1948ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் ஹெல்மூட் ஹார்டெர்ட் என்ற மருத்துவர், அரை மில்லி லிட்டருக்கும் குறைவான இரத்தம் கொண்ட சிறு கிண்ணத்தை இப்படியும் அப்படியுமாக மெல்லத் திருப்பி, அதனுள் மெல்லிய கம்பியில் ஓர் ஊசியைத் தொங்கவிட்டார். இரத்தம் திரவமாக இருக்கும்வரை ஊசி அசையாது. உறையத் தொடங்கியதும் கிண்ணத்துடன் சேர்ந்து அசையும். அந்த அசைவு ஒரு வரைபடமாகிறது. உறைதல் எப்போது தொடங்குகிறது, கட்டி எவ்வளவு உறுதியாகிறது, பின்னர் கரைகிறதா என்ற மூன்றையும் அந்த ஒரே வரைபடத்தில் படிக்கலாம். பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த இந்த முறை, 1980களில் கல்லீரல் மாற்றுச் சிகிச்சையிலும் பின்னர் இதய சிகிச்சையிலும் மறுவாழ்வு பெற்றது.

1999ஆம் ஆண்டு நியூயார்க்கில் 105 இதய நோயாளிகளிடம் நடத்தப்பட்ட ஆய்வு, இத்தகைய அளவீட்டைப் பின்பற்றி இரத்தப் பொருட்களைக் கொடுத்தால் அவற்றின் தேவை குறைகிறது என்று காட்டியது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 12 மருத்துவமனைகளில் 7,402 நோயாளிகளை உள்ளடக்கி 2016இல் வெளியான ஆய்வும், இரத்தம் ஏற்றுவதும் கடும் இரத்தக்கசிவும் குறைவதை உறுதிப்படுத்தியது. இங்கிலாந்தில் மருத்துவ முறைகளை மதிப்பிடும் அரசு அமைப்பு 2014ஆம் ஆண்டு இதய அறுவைச் சிகிச்சையின்போதும் அதன் பின்னரும் இவ்வகைக் கருவிகளைப் பரிந்துரைத்தது.

இரத்தக்கசிவு நின்றுவிட்டால் ஆபத்து நீங்கிவிட்டது என்று பொருளல்ல. அடுத்த சில நாட்களில் உடல், காயத்துக்கு எதிர்வினையாக, ஃபைப்ரினின் மூலப்பொருளை அதிகமாகச் சுரக்கிறது. முதல் நாளில் உறைய மறுத்த இரத்தம் சில நாட்களில் வேண்டாத இடங்களில் உறையத் துடிக்கிறது. சிலரிடம் ஹெப்பரினே தட்டணுக்களைக் குறைத்து, முரணாக, உறைகட்டிகளை உண்டாக்குகிறது. எனவே அறுவைச் சிகிச்சைக்குப் பிந்தைய வாரத்தில் தட்டணுக்களின் எண்ணிக்கையைத் தொடர்ந்து பார்ப்பது வழக்கமாகியுள்ளது.

இறுதி ஆண்டுகள்

கிப்பன் 1967ஆம் ஆண்டு வரை ஜெஃபர்சனில் பணியாற்றினார். மார்பு அறுவைச் சிகிச்சை குறித்து அவர் பதிப்பித்த நூல் நெடுங்காலம் பாடநூலாக இருந்தது. 1968இல் லாஸ்கர் விருது அவருக்கு வழங்கப்பட்டது. ஓய்வுக்குப் பிறகு ஃபிலடெல்ஃபியாவுக்கு வெளியே இருந்த பண்ணை வீட்டில் ஓவியம் வரைந்தும் கவிதை எழுதியும் நாட்களைக் கழித்தார். 1973ஆம் ஆண்டு பிப்ரவரி 5ஆம் தேதி டென்னிஸ் விளையாடிக்கொண்டிருந்தபோது மாரடைப்பால் காலமானார். அவருக்கு வயது 69.

அவர் முதலில் எண்ணிய காரியமும் அவரது வாழ்நாளிலேயே நிறைவேறியது. 1961ஆம் ஆண்டு ஹூஸ்டனில் டென்டன் கூலி, இதய-நுரையீரல் இயந்திரத்தின் துணையுடன் நுரையீரல் தமனியிலிருந்து இரத்தக்கட்டியை அகற்றி நோயாளியைக் காப்பாற்றினார். கிப்பன் மறைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, லண்டனில் பணியாற்றிய இந்திய வம்சாவளி நிபுணர் விஜய் கக்கர் தலைமையிலான பன்னாட்டு ஆய்வின் முடிவு வெளியாயிற்று. அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட 4,121 பேரில் ஒரு சாராருக்குச் சிறிய அளவு ஹெப்பரின் கொடுக்கப்பட்டது. நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்து இறந்தவர்கள், மருந்து பெறாதவர்களில் 16 பேர், பெற்றவர்களில் இருவர். பாஸ்டனில் கிப்பன் கண்விழித்துக் காத்த பெண்மணியைப் போன்ற நோயாளிகளுக்கு, கட்டி உருவாகும் முன்பே ஊசியின் வழியே தடுப்பு மருந்து கொடுப்பது அதன் பிறகு உலகெங்கும் மருத்துவமனைகளில் வழக்கமாயிற்று.